பதினைந்து மரம் தள்ளி வைஃபை

எங்கள் வீட்டு நெட் பெட்டி மூன்று வருஷம் முன்கூடத்தில், டிவிக்கு மேலே, அத்தையின் இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. யாரும் யோசித்து வைத்த இடமில்லை. கேபிள்காரத் தம்பி வாசல் பக்கமாக வந்தார், ஜன்னல் வழியே ஒயரை விட்டார், ஒயர் எட்டின இடத்தில் ஆணி அடித்தார், டிவியில் படம் வந்ததும் காபி குடித்துவிட்டுப் போனார். அந்த ஆணிக்காக நான் செலவழித்த பணத்தில் ஒரு மாடே வாங்கியிருக்கலாம் என்று என் மாமனார் சொல்வார். மாடு என்பது அதிகம். நல்ல கன்றுக்குட்டி ஒன்று வந்திருக்கும்.

நாங்கள் இருப்பது போச்சம்பள்ளியிலிருந்து மத்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா, வீட்டுக்குச் சாப்பிட இரண்டு மல்கோவா. தோப்பின் கடைசியில் கிணறும் மோட்டார் ரூமும். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை; சனி ராத்திரி வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் செய்கிறேன், நோயாளிகளின் ரெக்கார்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு எண் போடுகிற வேலை. விபிஎன் என்கிற பாதுகாப்பு இணைப்பு வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய் ஒரு சார்ட்டைத் திறந்து பாதி கோடு போட்டிருக்கும்போது நெட் ஒரு நொடி கண்ணை மூடினால் போதும், வெளியே தள்ளிவிடும். திரும்ப பாஸ்வேர்டு, திரும்ப ஓடிபி, திரும்ப முதலிலிருந்து.

நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான்: "மேடம், எங்க பக்கம் ஸ்பீடு சரியா வருது." கோபமாக வரும். ஆனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ். பெட்டிக்கு எதிரே நின்று சோதித்தால் 94 வருகிறது. என் அறைக்கு வந்தால் 11. சமையலறையில் 3.

வீட்டைப் பற்றிச் சொன்னால் புரியும். முன்பகுதி மாமாவின் அப்பா கட்டியது. கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். இந்தப் பக்கம் கல்லுக்கு என்ன பஞ்சம், வேலிக்கே கல்தூண் நடுகிற ஊர். பின்பகுதி நாங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கட்டின கான்கிரீட். பெட்டியிலிருந்து என் மேஜைக்கு நேர்கோட்டில் நாற்பது அடிகூட இருக்காது. நடுவில் அந்தக் கல்சுவர். சமையலறைக்கோ முதலில் பீரோ, அப்புறம் கல்சுவர். கல்லாவது அலையின் பெரும்பகுதியை விழுங்கிக் கொஞ்சத்தை விடும். இரும்பு பீரோ வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அது சிக்னலை டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாகக் காட்டும். பெட்டிக்கு எதிரே மைனஸ் 40. என் மேஜையில் மைனஸ் 76. அடுப்படியில் மைனஸ் 84. மாமா பின்னாலேயே வந்தார்.

"நாப்பதை விட எண்பது பெருசுதானே, அங்க ஏன் வரல?"

"மைனஸ் மாமா. ஜீரோவுக்குப் பக்கத்துல இருந்தாதான் நல்லது."

"ஓ, கடன் மாதிரி."

அதே. நாற்பதாயிரம் கடன்காரன் எண்பதாயிரம் கடன்காரனைவிடத் தேவலை. மைனஸ் 67 வரை இருந்தால் பேசுவதற்கும் மீட்டிங்குக்கும் தொல்லை இருக்காது. எண்பதைத் தாண்டினால் இருக்கிறது என்று பேர், அவ்வளவுதான். இதில் இன்னொன்று, இந்தக் கணக்கில் 3 குறைந்தாலே சக்தி பாதி போய்விட்டதாக அர்த்தம். ஆக மைனஸ் 40க்கும் மைனஸ் 76க்கும் நடுவில் இருப்பது இரண்டு மடங்கு வித்தியாசமில்லை, சில ஆயிரம் மடங்கு. அதைக் கடன் கணக்கில் மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கந்துவட்டி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். ஆன்லைனில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர். பிளக்கில் சொருகினால் போதும் என்று படம் போட்டிருந்தார்கள். சொருகினேன். என் அறையில் சிக்னல் கோடு முழுசாக நிரம்பியது. ஸ்பீடு 11லிருந்து 9 ஆனது! விலை குறைந்த ரிப்பீட்டருக்கு வாய் ஒன்று, காது ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கத் தெரியாது. பெட்டி சொல்வதைக் கேட்கும், அப்புறம் அதையே எனக்குத் திருப்பிச் சொல்லும். கேட்கிற நேரத்தில் பேச முடியாது என்பதால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். நான் அதை வைத்திருந்ததும் சிக்னல் செத்த இடத்தில். அரைகுறையாகக் கேட்டதை உரக்கச் சொல்கிற ஆளை நடுவில் நிறுத்தின மாதிரி.

அப்புறம் வீட்டுக்காரர் ஓசூர் ரூமிலிருந்து ஒரு பழைய ரௌட்டரைக் கொண்டுவந்தார். முன்கூடத்துப் பெட்டியிலிருந்து என் அறைக்கு ஒயர் இழுத்து இதைச் சொருகிவிட்டால் முடிந்தது என்றார். சொருகினோம். அரைமணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு டிவி நின்றது, அத்தையின் போன் நின்றது, என் லேப்டாப் மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி. அதோடு இரண்டும் வருகிற போனுக்கெல்லாம் ஆளுக்கொரு ஐபி எண் கொடுத்துக்கொண்டிருந்தன. ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் வரிசை என்ன ஆகும்?

சரிசெய்வது பத்து நிமிஷ வேலை. பழைய ரௌட்டரைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, ஐபி எண் கொடுக்கிற டிஹெச்சிபியை அணைத்து, முன்கூடத்திலிருந்து வரும் ஒயரை, வெளி நெட்டுக்கான வேன் (WAN) ஓட்டையில் சொருகாமல், வீட்டுக்குள் இணைப்புக்கான லேன் (LAN) ஓட்டையில் சொருகினேன். இனி டோக்கன் கொடுப்பது முன்கூடத்துப் பெட்டி மட்டும். பழைய ரௌட்டருக்குச் சும்மா கதவு திறந்துவிடும் வேலை. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு சிக்கல் மீதி இருந்தது. போன் முன்கூடத்துப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டே என் அறைக்குள் வரும், பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருந்தும் மாறாது. முன்கூடத்துப் பெட்டியின் பவரை ஹையிலிருந்து மீடியத்துக்குக் குறைத்ததும் ஒழுங்காக மாற ஆரம்பித்தது. சிக்னல் போதவில்லை என்று புலம்புகிறவளே சிக்னலைக் குறைத்தேன். வீட்டுக்காரர் இன்னும் அதை நம்பவில்லை.

ஒயர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முதலில் வாங்கின கேட் 6 என்கிற நெட் ஒயர் மீட்டர் பன்னிரண்டு ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம். நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். நல்ல செம்பு ஒயர் அதே கடையிலேயே உள்ளே இருந்தது, விலைதான் இரண்டு மடங்கு. கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இவ்வளவும் சேர்ந்து வீட்டுக்குள் இருந்த தொல்லை தீர்ந்தது. என் மேஜையில் 90க்கு மேல். இத்தோடு விட்டிருக்கலாம்.

தோப்புக்கு ஏன் நெட் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, இந்தப் பக்கம் கிணற்று மோட்டாரின் செம்பு ஒயரை ராத்திரியில் அறுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு தடவை ஆகியிருக்கிறது. அதற்குக் கிணற்றடியில் ஒரு கேமரா வேண்டும். இரண்டு, காய் பிடித்த பிறகு மாமா தோப்பிலேயே கட்டில் போட்டுப் படுப்பார். கிணற்றடி பள்ளத்தில் இருக்கிறது, எந்த சிம்முக்கும் டவர் நிற்காது. எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. வைஃபை இருந்தால் டவர் இல்லாமலே வைஃபை காலிங்கில் சாதாரண போன் மாதிரி பேசலாம்.

தூரத்தை டேப் வைத்து அளக்கவில்லை. எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் முப்பது அடி. வீட்டுப் பின்சுவரிலிருந்து கிணறு வரை பதினைந்து இடைவெளி. நானூற்று ஐம்பது அடி, அதாவது 137 மீட்டர். கேட் 6 ஒயருக்கு 100 மீட்டர்தான் கணக்கு. கடைக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் ஓடும் மேடம்" என்றார். ஓடியது. ஆயிரம் எம்பிபிஎஸ்ஸில் ஓட வேண்டியது பத்தில் ஓடியது. கேமராவுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். அதே ஒயரில் நெட்டோடு கரண்டும் போகும்படி பிஓஇ வைத்திருந்ததால் கிணற்றடியில் தனியாக கரண்ட் வேண்டியிருக்கவில்லை. எல்லாம் சேர்த்து எட்டாயிரம்.

ஒரு மாதம்தான். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தோப்பிலும் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் போடுகிற ஒயரைத் தரையோடு விட்டிருந்தேன். தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. ஒட்டுப்போட்டு மறுபடி ஓடவைத்தால் பொங்கலுக்குள் அணில் இரண்டு இடத்தில் கடித்தது. அதையும் ஒட்டினேன்.

2025 மே மாதம், ஒரு சாயந்திரம் கோடைமழை. நல்லவேளை மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்துக் காட்டுத் தென்னையில் இடி விழுந்தது. எங்கள் இடத்தில் விழவே இல்லை. ஆனால் தோப்பு முழுக்க 137 மீட்டர் செம்பை நீட்டி வைத்திருந்தேனே, அது அந்த அதிர்ச்சியைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. கேமரா போச்சு. கிணற்றடியில் வைஃபை கொடுத்த ஆக்சஸ் பாயிண்ட் போச்சு. முன்கூடத்துப் பெட்டியின் நாலு லேன் ஓட்டையும் போச்சு. என் லேப்டாப்பில் ஒயர் சொருகுகிற ஓட்டை கருகின வாசனை அடித்தது. அது ஆபீஸ் லேப்டாப். "இடி விழுந்தது" என்று மெயில் எழுதி, அதை நிரூபிக்க அந்தத் தென்னைமரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மட்டையெல்லாம் கருகி நிற்கும் மரம். அதை எந்த ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார்களோ.

பெட்டி மாற்ற வந்த கேபிள்காரத் தம்பிதான் சொன்னார். "அக்கா, தோப்புக்கும் ஃபைபரே போடுங்க. கண்ணாடிதானே, இடி அதுல எப்படி வரும்?" மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது, அது கரண்டைக் கடத்தாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூரமும் பிரச்சினை இல்லை. கிலோமீட்டர் கணக்கில் போகிற சாமான். ஒன்று மட்டும் பார்த்து வாங்கச் சொன்னார். டிராப் கேபிள் என்கிற இந்த ஃபைபர் ஒயருக்குள் இழைக்கு இரண்டு பக்கமும் பலத்துக்கு ஒரு கம்பி வரும். சிலதில் அது இரும்பு, சிலதில் ஃபைபர் பிளாஸ்டிக். இரும்பு இருந்தால் இடி அதைப் பிடித்துக்கொண்டு வரும். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாததை வாங்கினேன்.

மாமாவும் நானும் டிராக்டர் தடத்தின் ஓரமாக ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கறுப்பு ஹோஸ் பைப்புக்குள் கேபிளைக் கோத்துப் புதைத்தோம். நாலு நாள் வேலை. கடப்பாரை அவர் கையில், மண்வெட்டி என் கையில். எந்த இடத்தில் உழவு ஆழமாகப் போகும், எந்த மரத்தின் வேர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவருக்குத்தான் தெரியும். இரண்டு முனையிலும் ஐந்து மீட்டர் சுற்றி வைத்தோம், நாளைக்கு அறுந்தால் ஒட்டுப்போட இழை மிச்சம் வேண்டுமே.

ஒட்டுப்போடுவதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே நூல் மாதிரி ஒன்று. அதையும் உரித்தால் தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி. வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி அதிலும் 9 மைக்ரான்தான் என்றார். ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு கிளிப்பில் வைத்து டக்கென்று முனையை வெட்டி, இரண்டு முனையையும் மெஷினுக்குள் எதிரெதிரே வைத்தார். திரையில் இரண்டு குழாய் மாதிரி பெரிதாகத் தெரிந்தது. தானாகவே நகர்ந்து நகர்ந்து நேருக்கு நேர் வந்தன. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன, கோடுகூடத் தெரியவில்லை. வெட்டி விழுந்த துணுக்குகளை டேப்பில் ஒற்றி ஒற்றி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார். கையில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, நாள் கணக்கில் குத்தும் என்றார்.

இரண்டு முனையிலும், இழையின் வெளிச்சத்தைச் செம்பு ஒயர் சிக்னலாகவும் அதைத் திரும்ப வெளிச்சமாகவும் மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டர் பெட்டி போட்டோம். விளக்கு எரியவில்லை. தம்பி திரும்பவும் ஒட்டினார். எரியவில்லை. இருட்டிவிட்டது. டார்ச் அடித்துப் பெட்டியின் அடியைப் பார்த்தால் இதில் ஏ, அதிலும் ஏ. ஒரே இழையில் போகவும் வரவும் வேண்டும் என்பதால் ஒரு பெட்டி 1310 நானோமீட்டர் வெளிச்சத்தில் பேசி 1550இல் கேட்கும்; எதிர்ப்பெட்டி தலைகீழ். ஏயும் பியும் ஜோடியாக இருந்தால்தான் சரி. கடையில் இரண்டு ஏயைக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறேன். மாற்றி வர கிருஷ்ணகிரிக்கு இன்னொரு நடை.

இப்போது கிணற்றடிக்குக் கரண்ட் வேண்டும். மோட்டார் ரூமில் இருக்கிறதே என்பீர்கள். அது விவசாய இலவச மின்சாரம், மோட்டாருக்கு மட்டும்தான். கேமராவுக்கு எடுத்தால் தப்பு. மும்முனை கரண்ட் நாள் முழுக்க வருவதும் இல்லை. வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் திரும்ப செம்பு, திரும்ப இடி. அதனால் மோட்டார் ரூம் மேலே 150 வாட் சோலார் பலகை. ஆக்சஸ் பாயிண்ட், கன்வெர்ட்டர், கேமரா மூன்றும் சேர்ந்து 15 வாட். இருபத்துநாலு மணி நேரத்துக்கு 360 வாட் ஹவர். பேட்டரிக்கு, இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிப்போட்ட பாதி உயிர் பேட்டரியையே வைத்தேன். வீட்டு மின்விசிறிகளைத் தாங்க முடியாத பேட்டரிக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டே இல்லை.

கடைசி விஷயம் ஆண்டெனா. உயரத்தில் வைத்தால் தூரம் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். மோட்டார் ரூமுக்கு மேலே பன்னிரண்டு அடி பைப் நட்டு வைத்தேன். பக்கத்தில் நன்றாக இருந்தது. மாமாவின் கட்டில் இருக்கிற மூன்றாவது மரத்துக்குப் போனால் மைனஸ் 81. மழை பெய்த அன்றைக்கு அதுவும் இல்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸ் இலைக்கு இன்னும் மோசம். மாமரம் வருஷம் முழுக்க இலையோடு நிற்கிற ஜாதி. நனைந்த தழை என்பது தண்ணீர்ச் சுவர்தான். இன்னும் உயரமான பைப் வாங்குவதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார். "நீ நின்னு பார்க்கிறம்மா, அதான் தழை தெரியுது. உக்காந்து பாரு."

பக்கத்தில் குந்தினேன். மோட்டார் ரூம் கதவு, கிணற்றுத் திட்டு, அதற்கப்பால் கல்தூண் வேலி வரை எல்லாம் தெரிந்தது. போன வருஷம் அறுப்பு முடிந்து கவாத்து செய்தபோது டிராக்டர் நுழைய ஐந்தடி வரைக்கும் அடிக்கிளையை எடுத்திருந்தார்கள். மரங்களுக்கு அடியில் வெறும் தண்டுகளும் காற்றும். மேலே வைத்த ஆண்டெனா நேராகத் தழைக்குள் கத்திக்கொண்டிருந்தது.

பைப்பைப் பிடுங்கிவிட்டு, கிணற்றோரக் கல்தூணில் நாலடி உயரத்தில், டிராக்டர் தடத்தைப் பார்த்தபடி கட்டினேன். கட்டிலில் மைனஸ் 63. ஏழாவது மரம் வரை பேச முடிகிறது. அக்டோபர், நவம்பர் மழையிலும் மூன்று நாலு எண்தான் இறங்கியது.

இந்தத் தை மாதம் மரமெல்லாம் பூவெடுத்திருக்கிறது. போன வருஷம் பெங்களூராவுக்கு விலையே இல்லை, கூழ் ஃபேக்டரிக்காரர்கள் கேட்ட விலை பறிகூலிக்குக் கட்டவில்லை. இந்த வருஷம் எப்படியோ. மாமா சித்திரை வரை காத்திருக்கவில்லை, பூவுக்குக் காவல் என்று சொல்லிக் கட்டிலை இப்போதே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். பூவை யார் திருடுவார்கள் என்று அத்தை கேட்கிறார். ராத்திரி பத்து மணிக்கு யூடியூப் சத்தம் வீடு வரை கேட்கிறது.

அடுப்படியில் இன்னமும் மைனஸ் 79. பீரோவை இரண்டடி நகர்த்தினால் சரியாகிவிடும். அது அத்தைக்கு அவர் அப்பா சீராகக் கொடுத்தது, அறுபத்தெட்டாவது வயதில் அதை நகர்த்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போன வாரம் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். கிணறு வேண்டுமானால் இன்னொன்று வெட்டித் தருகிறேன் என்றார்.